கடல் கடந்து வந்து கட்டிய வீடுகள்

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்குப் போகும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் இருக்கிறது குருபரப்பள்ளி. சிப்காட் தொழிற்பூங்கா வந்தபிறகு ஊரின் முகம் மாறிவிட்டது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் புழங்கிய டீக்கடைகளில் இப்போது இந்தியும் காதில் விழுகிறது. கம்பெனிக் கட்டடங்களுக்குக் கம்பி கட்டுகிறவர்களிலும் கான்கிரீட் போடுகிறவர்களிலும் பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா இளைஞர்கள் கணிசமாக இருக்கிறார்கள். ஷிப்ட் முடிந்து அவர்கள் திரும்புவது தகர ஷீட் போட்ட லைன் வீடுகளுக்கு.

அதே பீகாருக்கு, 90 ஆண்டுகளுக்கு முன்பு, சுவிட்சர்லாந்திலிருந்து ஒரு பொறியாளர் வந்தார். கூலிக்கு வரவில்லை. நிலநடுக்கத்திலும் வெள்ளத்திலும் வீடிழந்தவர்களோடு சேர்ந்து மண் சுமந்து வீடு கட்ட வந்தார். கடல் கடந்து போய் முன்பின் தெரியாத குடும்பத்துக்கு வீடு கட்டித்தரும் தொண்டு அன்றுமுதல் இன்றுவரை பல வடிவங்களில் தொடர்கிறது. இன்று அது ஆண்டுதோறும் பல்லாயிரம் பேர் விமானம் ஏறும் பெரிய ஏற்பாடாகவும் வளர்ந்திருக்கிறது. அந்தத் தொண்டால் வீடில்லாத குடும்பத்துக்கு உண்மையில் என்ன கிடைத்தது? வந்துபோகும் செலவுக்கு அது ஈடாகிறதா? எந்த வடிவம் பலன் தந்தது, எது தரவில்லை? இந்தக் கேள்விகளுக்கு விடை தேட நம் மண்ணிலும் பக்கத்து நாடுகளிலும் போதிய சான்றுகள் இருக்கின்றன.

போர்க்களத்திலிருந்து பீகாருக்கு

அந்தப் பொறியாளர் பியேர் செரெசோல் 1879இல் பிறந்தவர். தந்தை சுவிட்சர்லாந்தின் அதிபராக இருந்தவர். மகனோ போர் வேண்டாம் என்று சொல்லி, ராணுவ வரி கட்ட மறுத்துச் சிறை சென்றவர். முதல் உலகப்போர் முடிந்ததும், 1920இல், பிரான்சின் வெர்டன் போர்க்களத்தை ஒட்டிய எஸ்ன் என்ற ஊரில் இடிந்த வீடுகளை எடுத்துக்கட்டச் சிறு குழு ஒன்றைத் திரட்டினார். நேற்றுவரை எதிரிகளாக இருந்த ஜெர்மானியரும் அதில் இருந்தார்கள். ஜெர்மானியர் இங்கே வேலை செய்யக்கூடாது என்று உள்ளூரில் எதிர்ப்புக் கிளம்பவே சில மாதங்களில் பணி நின்றுபோனது. ஆனால் 'சர்வீஸ் சிவில் இன்டர்நேஷனல்' என்ற உலக அமைப்பு அந்த முயற்சியிலிருந்துதான் பிறந்தது. வெளிநாட்டுத் தொண்டர் முகாம் என்று இன்று அறியப்படும் வழக்கத்துக்கு அதுவே தொடக்கம்.

1934 ஜனவரி 15 அன்று பீகாரையும் நேபாளத்தையும் உலுக்கிய நிலநடுக்கத்தில் 10,000 பேருக்கு மேல் மாண்டார்கள். நிலம் பிளந்து மணலும் நீரும் பொங்கின. வடிகால்கள் திசைமாறி, பல கிராமங்கள் மழைக்காலத்தில் தண்ணீரில் மூழ்கும் நிலை வந்தது. ராஜேந்திர பிரசாத் தலைமையில் நிவாரணக் குழு இயங்கிக்கொண்டிருந்த அந்த நேரத்தில்தான் செரெசோல் வந்தார். 1934க்கும் 1937க்கும் இடையில் திரும்பத் திரும்ப வந்து வேலை செய்தார். மூழ்கும் கிராமங்களை மேட்டு நிலத்துக்கு மாற்றும் வேலை அது. அப்படி எழுந்த புதிய ஊர் ஒன்றுக்கு சாந்திபூர் என்று பெயர்.

ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே. மண் வெட்டியதும் சுவர் எழுப்பியதும் பெரும்பாலும் ஊர்மக்கள்தான். வந்தவர்கள் அளவெடுத்தார்கள், திட்டமிட்டார்கள், கணக்கு வைத்தார்கள், கூடவே மண்ணும் சுமந்தார்கள். வெள்ளைக்காரர் என்றால் அதிகாரி என்று மட்டுமே அறிந்திருந்த காலத்தில், ஒரு வெள்ளைக்காரர் தலையில் கூடையோடு நடந்தது கிராமத்தாருக்குப் புதிய காட்சி. வேலையின் அளவைவிட இந்த உறவே பெரிது என்று செரெசோல் கருதினார். சமாதானம் என்பது அவருக்கு மாநாட்டுப் பேச்சாக இருக்கவில்லை. சேர்ந்து செய்கிற உடலுழைப்பில்தான் அது உண்டாகும் என்று நம்பினார்.

கடனும் உழைப்பும் சேர்ந்த வீடு

இன்றைக்கு வீடு கட்டும் தொண்டு என்றதும் உலகம் நினைப்பது 'ஹேபிடாட் ஃபார் ஹியூமானிட்டி' அமைப்பை. மில்லார்ட் ஃபுல்லர், லிண்டா ஃபுல்லர் தம்பதி 1976இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் அதைத் தொடங்கினார்கள். அதற்கு முன் 1973 முதல் மூன்றாண்டுகள் ஆப்பிரிக்காவின் சயீர் நாட்டில், இன்றைய காங்கோவில், தங்கி ஏழைகளுக்கு வீடு கட்டிய அனுபவம் அவர்களுக்கு இருந்தது. இந்தியாவுக்கு அந்த அமைப்பு 1983இல் வந்தது. முதல் பணி அன்றைய ஆந்திரத்தின் கம்மம் பகுதியில்.

அதன் அடிப்படை விதி கவனிக்கத்தக்கது. வீடு இனாம் இல்லை. லாபமில்லாத கடனாகக் கொடுத்து, குடும்பம் தவணையில் திருப்பிக் கட்ட வேண்டும். அந்தப் பணம் அடுத்த குடும்பத்தின் வீட்டுக்குப் போகும். வீடு பெறும் குடும்பத்தார் தங்கள் வீட்டிலும் அடுத்தவர் வீட்டிலும் குறிப்பிட்ட மணிநேரம் உழைக்கவும் வேண்டும். தொண்டர் உழைப்பு இதற்கு மேல் வருவது. 1984இல் அமெரிக்க முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர் நியூயார்க்கில் 19 குடும்பங்களுக்கான பழைய கட்டடம் ஒன்றைச் சீரமைக்கச் சுத்தியலும் கையுமாக இறங்கினார். அதன்பிறகு அந்த அமைப்பின் பெயர் உலகெங்கும் பரவியது.

அதே கார்ட்டர் 2006ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியில், தம் 82ஆம் வயதில், மகாராஷ்டிரத்தின் லோனாவாலாவை அடுத்த மலவ்லிக்கு வந்தார். ஐந்தே நாளில் 100 குடும்பங்களுக்கு வீடு என்பது இலக்கு. உள்நாட்டிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் ஏறத்தாழ 2,000 தொண்டர்கள் கூடினார்கள். செங்கல் கை மாறியது, சுவர் உயர்ந்தது, நடிகர்களும் வந்தார்கள். ஏழைக் குடும்பத்துக்கு வீடு என்ற செய்தி அந்த வாரம் நாளிதழ்களில் இடம்பிடித்தது.

100 வீட்டுக்கு 2,000 பேர் என்றால் ஒரு வீட்டுக்கு 20 பேர். ஓசூரில் ஒரு மேஸ்திரி நான்கைந்து ஆட்களை வைத்துக்கொண்டு செய்கிற வேலை அது. கூட்டம் வந்தது வேலைக்காக மட்டும் இல்லை என்பது தெளிவு. நன்கொடை திரட்டவும், அரசுகளின் கவனத்தை இழுக்கவும், வந்தவர் மனதில் வறுமை பற்றிய உணர்வை விதைக்கவும் இத்தகைய முகாம்கள் நடத்தப்படுகின்றன. இந்தப் பயன்கள் உண்மையானவை. வீட்டுக் கணக்கில் மட்டும் அவற்றைச் சேர்க்கக் கூடாது.

ஹோண்டுராஸ் காட்டிய கணக்கு

வீட்டுக் கணக்கைத் தனியே போட்டுப்பார்த்தவர் கர்ட் வெர் பீக் என்ற சமூகவியலாளர். மத்திய அமெரிக்காவின் ஹோண்டுராஸ் நாட்டில் வாழ்ந்தவர். 1998இல் மிட்ச் புயல் அந்த நாட்டைச் சூறையாடியபிறகு, வட அமெரிக்கத் தேவாலயக் குழுக்கள் அலையலையாக வந்து வீடு கட்டின. அதே பகுதியில் உள்ளூர்த் தொண்டு நிறுவனங்களும் கட்டின. இரு வகை வீடுகளையும் பெற்ற குடும்பங்களை அவர் பேட்டி கண்டார்.

ஒரு குழு பயணத்துக்கும் தங்குவதற்கும் சேர்த்துச் செலவழித்தது ஏறத்தாழ 30,000 டாலர். அது கட்டிய வீட்டை உள்ளூர் நிறுவனம் ஏறத்தாழ 2,000 டாலரில் கட்டியது. எந்த வீட்டில் குடியேறிய குடும்பத்தின் வாழ்க்கை அதிகம் மேம்பட்டது என்று பார்த்தால் வேறுபாடு தெரியவில்லை. வந்தவர்களோடு பழகியது மகிழ்ச்சி என்று குடும்பத்தார் சொன்னார்கள். ஆனால் அந்தப் பயணச் செலவில் இன்னும் பல வீடுகள் எழுந்திருக்கும் என்ற எண்ணமும் அவர்களிடம் இருந்தது. நாடு திரும்பிய தொண்டர்களின் கொடைப் பழக்கத்திலும் பெரிய மாற்றம் நீடிக்கவில்லை.

நம் ஊர் விலையில் இதே கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். தமிழக அரசின் 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு ஒதுக்கீடு 3.5 லட்சம் ரூபாய். அமெரிக்காவிலிருந்து 14 பேர் வருகிறார்கள், ஆளுக்கு 1 லட்சம் விமானச் செலவு என்று வைத்தால் 14 லட்சம். அது நான்கு வீட்டுக்கான பணம். வருகிறவர்கள் பெங்களூரில் இறங்கி, இரண்டு மணிநேரம் பயணித்து, ஒரு வாரத்தில் ஒரு வீட்டின் சுவரை லிண்டல் மட்டம்வரை ஏற்றிவிட்டுப் போவார்கள். கரணை பிடிக்கத் தெரியாதவர் ஏற்றிய சுவரைத் தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்துப் பிரித்துக் கட்டுகிற வேலை கொத்தனாருக்கு மிஞ்சும்.

இதனால் பயணமே தவறு என்று ஆகிவிடாது. பயணச் செலவைப் போல் பல மடங்கு நிதியைக் கூடவே கொண்டுவருகிற குழுவும், சொந்தச் செலவில் வந்து சுற்றிப்பார்த்துவிட்டுப் போகிற குழுவும் ஒன்றாகா.

சுனாமிக் கரையில் கற்ற பாடம்

தமிழகம் வெளிநாட்டு உதவியின் பெருவெள்ளத்தைக் கண்டது 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். உலகின் பல மூலைகளிலிருந்து தொண்டு நிறுவனங்கள் வந்து இறங்கின. முதலில் எழுந்தவை தார் ஷீட் போட்ட தற்காலிகக் குடியிருப்புகள். சித்திரை வெயிலில் கருப்புத் தார் ஷீட்டுக்குக் கீழே குழந்தைகளோடு பகலைக் கழித்தவர்கள் அந்த மாதங்களை இன்றும் மறக்கவில்லை.

நிரந்தர வீடுகளுக்காக 2005இல் தமிழக அரசு தொண்டு நிறுவனங்களோடு கைகோத்தது. நிலமும் விதிகளும் அரசுடையவை. கட்டுவது நிறுவனங்கள். ஒரு வீடு ஏறத்தாழ 300 முதல் 325 சதுர அடி, மதிப்பு 1.5 லட்சம் ரூபாய் அளவில். பட்டா கணவன் மனைவி இருவர் பெயரிலும் என்பது அந்தத் திட்டத்தின் மறக்கக்கூடாத நன்மை. காலக்கெடு நெருக்கியதால் பெரும்பாலான நிறுவனங்கள் ஒப்பந்ததாரர்களிடம் வேலையை விட்டன. நிலத்தைச் சமன்படுத்த ஜேசிபி வந்தது. வேம்பும் பூவரசும் தென்னையும் விழுந்தன.

ஜெனிஃபர் டுயின் பாரன்ஸ்டைன் என்ற சுவிஸ் மானிடவியலாளர் நாகைக் கரையின் மீனவக் குப்பங்களில் தங்கி ஆராய்ந்தார். அவர் பதிவுசெய்த செய்திகள் கசப்பானவை. பாதிக்கப்படாமல் நின்ற பழைய வீடுகள்கூடச் சில ஊர்களில் இடிக்கப்பட்டன. ஆயிரக்கணக்கான மரங்கள் வெட்டப்பட்டன. திண்ணையும் நிழலும் முற்றமும் சேர்ந்ததுதான் மீனவர் வீடு. வலை பின்னுவது, மீன் காயவைப்பது, பெண்கள் கூடிப் பேசுவது எல்லாம் வெளியில்தான். கொடுக்கப்பட்டதோ வரிசையில் நின்ற கான்கிரீட் பெட்டிகள். பகலில் உள்ளே இருக்க முடியாத வெப்பம். விறகடுப்புக்கு இடமில்லாத சமையலறை.

நல்லெண்ணத்தில் குறையில்லை, பணத்திலும் குறையில்லை. குடியிருக்கப் போகிறவரைக் கேட்காமல் வரைபடம் போட்டதுதான் குறை. மக்களோடு உட்கார்ந்து திட்டமிட்ட நிறுவனங்கள் கட்டிய ஊர்களும் அதே கரையில் உண்டு. அங்கே திண்ணை இருக்கிறது, வீட்டுக்கு வீடு அமைப்பு மாறுகிறது, பிற்பாடு ஒரு அறை சேர்த்துக்கொள்ள இடம் விட்டிருக்கிறார்கள்.

பணம் வீட்டுக்காரர் கையில்

இதற்கு நேர்மாறான வழி 2001 ஜனவரி 26 குஜராத் நிலநடுக்கத்துக்குப் பின் பெரிய அளவில் சோதிக்கப்பட்டது. பணத்தைத் தவணை தவணையாக வீட்டுக்காரரிடமே கொடுத்து, பொறியாளர் வந்து பார்த்துச் சொல்ல, குடும்பமே கட்டிக்கொள்வது. புஜ் நகரில் உருவான ஹுன்னர்ஷாலா அமைப்பு உள்ளூர்க் கைவினைஞர்களையும் கொத்தனார்களையும் முன்னிறுத்திச் செயல்பட்டது. 2008இல் கோசி ஆறு உடைத்துக்கொண்டு பீகாரை மூழ்கடித்தபோது இந்த அனுபவம் அங்கேயும் கைகொடுத்தது.

நேபாளத்தில் 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்துக்குப் பிறகு ஒரு வீட்டுக்கு 3 லட்சம் நேபாள ரூபாய் மூன்று தவணைகளில் தரப்பட்டது. அடுத்த தவணை வேண்டுமானால் நிலநடுக்கம் தாங்கும் முறையில் கட்டியிருக்க வேண்டும். அங்கே பெரிய தட்டுப்பாடு கொத்தனார்களுக்குத்தான். இளைஞர்கள் வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் போய்விட்டார்கள். ஆகவே வெளிநாட்டுப் பொறியாளர்களில் பலர் கொத்தனார்களுக்குப் பயிற்சி கொடுப்பதில் இறங்கினார்கள். கல்லும் மண்ணும் வைத்துக் கட்டுகிற சுவரில் பிணைப்புப் பட்டை எங்கே ஓட வேண்டும் என்று ஒரு கொத்தனாருக்குக் கற்றுக்கொடுத்தால், அவர் வாழ்நாளில் கட்டப்போகும் எல்லா வீடும் பத்திரமாகும்.

தமிழருக்கு இன்னும் நெருங்கிய சான்று இலங்கையில் இருக்கிறது. போர் முடிந்த வடக்கு, கிழக்கு மாகாணங்களுக்கும் மலையகத்துக்கும் 50,000 வீடுகள் தர இந்திய அரசு உறுதியளித்தது. 1,000 வீடுகள் கொண்ட முன்னோட்டத்துக்குப் பின், 2012 அக்டோபர் 2 அன்று பெரிய கட்டம் தொடங்கியது. வடக்கு, கிழக்கில் ஒரு குடும்பத்துக்கு 5.5 லட்சம் இலங்கை ரூபாய். அது தவணைகளில் நேரே வங்கிக் கணக்குக்குப் போனது. 550 சதுர அடியில் இரண்டு அறை, கூடம், சமையலறை, கழிப்பறை. ஐ.நா. வாழ்விட அமைப்பும் செஞ்சிலுவைச் சங்கமும் ஹேபிடாட் அமைப்பும் வழிகாட்டின. போரில் கணவனை இழந்த பெண்கள் தாங்களே மணலுக்கும் கல்லுக்கும் விலை பேசி, கொத்தனாரை அமர்த்திக் கட்டிய வீடுகள் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் நிற்கின்றன. மலையகத்தில் லயன் அறைகளில் தலைமுறைகளாக வாழ்ந்த தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 4,000 வீடுகளும், 2017இல் அறிவிக்கப்பட்ட 10,000 வீடுகளும் இதன் தொடர்ச்சி.

அதே தீவில் இன்னொரு மரபும் உண்டு. 1958இல் கொழும்பு நாலந்தா கல்லூரி ஆசிரியர் ஏ.டி. அரியரத்ன தம் மாணவர்களைக் கனத்தொளுவ என்ற ஒதுக்கப்பட்ட கிராமத்துக்கு அழைத்துப்போய், ஊராரோடு சேர்ந்து உழைக்க வைத்தார். சிரமதானம் என்ற பெயரில் அது சர்வோதய இயக்கமாக வளர்ந்தது. நகரத்துப் பிள்ளைகள் கிராமத்து வீடுகளில் தங்கி, அவர்கள் சாப்பிட்டதைச் சாப்பிட்டு வேலை செய்தார்கள். விமானப் பயணம் தேவைப்படாத தொண்டு அது.

வந்தவர்களில் தங்கியவர்கள்

வெளிநாட்டிலிருந்து வந்தவர்களில் நம் வீடுகளை உண்மையிலேயே மாற்றியவர் யார் என்று கேட்டால் லாரி பேக்கர் பெயரை முதலில் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் 1917இல் பிறந்த கட்டடக் கலைஞர். தொழுநோயாளர்களுக்கான கட்டடங்களைச் சீரமைக்க 1945இல் இந்தியா வந்தார். மருத்துவர் எலிசபெத் ஜேக்கப்பை மணந்து, இமயமலையின் பித்தோராகரில் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். தான் படித்த படிப்பு அங்கே செல்லவில்லை என்பதைக் கண்டு, மலைவாசிகளின் கல் சுவரையும் சாணி மெழுகலையும் புதிதாகப் படித்தார். ஐந்து மைல் சுற்றளவில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே வீடு கட்ட வேண்டும் என்ற காந்தியின் எண்ணம் தன்னை வழிநடத்தியதாக அவர் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார்.

பிறகு திருவனந்தபுரத்தில் அவர் கட்டிய வீடுகள் புகழ்பெற்றவை. செங்கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டு முறையைப் பரப்பினார். செங்கல் செலவு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைகிறது, உள்ளே வெப்பமும் குறைகிறது. கான்கிரீட் கூரையின் அடிப்பாகத்தில் பழைய ஓடுகளைப் பதித்துச் சிமெண்டையும் கம்பியையும் மிச்சப்படுத்தினார். 1985இல் அவர் பங்கேற்பில் உருவான காஸ்ட்ஃபோர்டு அமைப்பு இன்றும் இந்த முறைகளில் கட்டுகிறது. இந்தியக் குடியுரிமையும் பெற்றார், 1990இல் பத்மஸ்ரீ, 2007இல் மறைந்தார்.

கிருஷ்ணகிரிக்குப் பக்கத்திலுள்ள திருப்பத்தூரில் ஸ்காட்லாந்து மருத்துவர் எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன், தமிழ் மருத்துவர் சவரிராயன் ஜேசுதாசனோடு சேர்ந்து 1921இல் கிறிஸ்துகுல ஆசிரமத்தை நிறுவினார். கதர் உடுத்து, ஏழைகளுக்கு மருத்துவம் பார்த்து, வாழ்நாளை இங்கேயே கழித்தார். பேக்கரையும் பேட்டனையும் போல எல்லோரும் தங்கிவிட முடியாது. அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, கற்றுக்கொடுக்கும் முன் கற்றுக்கொண்ட பொறுமை.

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சொந்தச் சான்று குழந்தை பிரான்சிஸ். அவர் 1979இல் தொடங்கிய ஐ.வி.டி.பி. நிறுவனம் நாட்றாம்பாளையம் பகுதியின் வறண்ட கிராமங்களில் 331 சிறு தடுப்பணைகளைக் கட்டியது. 60 கிராமங்களின் விவசாயிகள் பலன் பெற்றார்கள். பிற்பாடு மகளிர் குழுக்களின் சேமிப்பையே முதலாக்கிப் பெரும் இயக்கத்தை வளர்த்தது. 2012இல் அவருக்கு ராமோன் மகசேசே விருது கிடைத்தது. ஊர்க்காரர்களின் கையும் கணக்கும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

குருபரப்பள்ளியில் ஒரு வீடு எழும் விதம்

இந்த வட்டாரத்தில் திட்ட வீடு ஒன்று எப்படி எழுகிறது என்று அருகில் போய்ப் பார்த்தால், வெளியாள் எங்கே உதவ முடியும் என்பது விளங்கும்.

முதல் தடை செங்கல்லும் சிமெண்டும் இல்லை, வீட்டுமனைப் பட்டா. சிப்காட் வந்தபிறகு நெடுஞ்சாலையை ஒட்டிய நிலத்தின் விலை ஏழைக்கு எட்டாமல் போய்விட்டது. புறம்போக்கில் குடிசை போட்டு இரண்டு தலைமுறையாக இருப்பவரிடம் பட்டா இல்லையென்றால், எந்தத் திட்டத்திலும் பெயர் ஏறாது. கிராம நிர்வாக அலுவலர், வட்டாட்சியர், வட்டார வளர்ச்சி அலுவலகம் என்று நடக்கும் ஒவ்வொரு நாளும் கூலி போகும் நாள்.

பெயர் ஏறியபின் வேலை தொடங்குகிறது. அஸ்திவாரம் தோண்டி, கருங்கல் போட்டு, பேஸ்மட்டம் எழுப்பினால்தான் தவணை வரும். அதுவரைக்கும் கைக்காசு வேண்டும். மகளிர் குழுக் கடன், காதுக் கம்மல், கம்பெனியில் வேலை செய்யும் மகனின் முன்பணம் எல்லாம் அங்கே இறங்குகிறது. கிருஷ்ணகிரி கருங்கல்லுக்குப் பேர்போன மாவட்டம் என்பதால் கல்லுக்குத் தொலைவு போக வேண்டாம். சுவருக்கு இப்போது ஹாலோ பிளாக், பூச்சுக்கு எம்-சாண்ட். பிரதமர் ஊரக வீட்டுத் திட்டத்தில் சமவெளிப் பகுதிக்கு 1.20 லட்சமும் அதோடு 90 நாள் கூலியும் என்று வகுத்தார்கள். ஒன்றியத் தொகை போதாது என்பதால் தமிழக அரசும் கூரைக்குத் தன் பங்கைச் சேர்க்கிறது.

கூரை கான்கிரீட் போடும் நாள் ஊருக்கே வேலை நாள். கலவை மிஷின் காலையில் வந்துவிடும். கொத்தனாரும் சித்தாளும் போக, அக்கம்பக்கத்தார் வரிசையில் நின்று பாண்டு கை மாற்றுவார்கள். நடுவில் நிறுத்தினால் கான்கிரீட்டில் இணைப்பு விழுந்து நீர் கசியும் என்பதால் முடிக்காமல் இறங்க மாட்டார்கள். அதற்குப் பிறகு வரும் நாள்கள்தான் வீட்டின் ஆயுளைத் தீர்மானிக்கின்றன. கூரைமேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தி, குறைந்தது பத்து நாள் காயவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வீட்டில் இருவரும் ஷிப்டுக்குப் போகிறவர்கள் என்றால் யார் தண்ணீர் ஊற்றுவது? தண்ணீர் லாரிக்கு யார் பணம் தருவது? நன்றாகப் போட்ட கான்கிரீட்கூட இந்த இடத்தில்தான் வெடிப்பு விடுகிறது.

கைத்தொழில் தெரியாத தொண்டருக்கு இங்கே இடம் உண்டு. பாண்டு தூக்கலாம், தண்ணீர் நிறுத்தலாம், தவணை பில் ஏறும்வரை அலுவலகத்துக்கு நடக்கலாம். கட்டுமானம் படித்தவர் கம்பிக்கு அடியில் கவர் பிளாக் வைத்திருக்கிறார்களா, தூணில் வளையங்கள் சரியான இடைவெளியில் இருக்கின்றனவா என்று பார்த்துச் சொல்லலாம். கரணையைக் கொத்தனாரிடம் விட்டுவிடுவதே மரியாதை.

வருகிறவரும் போகிறவரும் கேட்க வேண்டியவை

வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்குத் தொண்டு செய்ய வருகிறவருக்குச் சட்ட விதிகள் உண்டு. இ-சுற்றுலா விசாவில் ஊதியமில்லாத குறுகிய காலத் தொண்டுக்கு அதிகபட்சம் ஒரு மாதம் அனுமதி. அதற்கு மேல் தங்க வேறு வகை விசா வேண்டும். வெளிநாட்டு நன்கொடை பெறும் நிறுவனம் 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் புது தில்லி பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்குக்கே வர முடியும், நிர்வாகச் செலவு 20 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது, வேறு நிறுவனத்துக்குக் கைமாற்றவும் கூடாது. பெரிய நிறுவனம் பெற்று ஊர் அளவிலான சிறு அமைப்புக்குத் தரும் வழி இதனால் அடைபட்டது.

ஓசூரிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் வெளிநாட்டுக்குத் தொண்டு செய்யப் போக விரும்பும் இளைஞர்களும் சில கேள்விகளைக் கேட்டுக்கொண்டு புறப்பட வேண்டும். கட்டணம் வாங்கும் நிறுவனம் அதில் எவ்வளவை வீட்டுக்குச் செலவிடுகிறது? அங்கே வேலையை நடத்துவது உள்ளூர்க் கொத்தனாரா? நிலம் யார் பெயரில் இருக்கிறது? வீட்டின் வடிவத்தைக் குடும்பம் தீர்மானித்ததா? முகாம் முடிந்தபிறகு ஒழுகும் கூரையைப் பார்க்க யார் இருக்கிறார்கள்? இவற்றுக்குத் தெளிவான பதில் தராத நிறுவனத்தோடு போக வேண்டாம்.

சான்றுகள் அனைத்தையும் சேர்த்துப் பார்த்தால் தீர்ப்பு கடினமாக இல்லை. குடும்பம் முடிவெடுத்து, உள்ளூர்க் கொத்தனார் நடத்தி, வெளியாள் நிதியும் நுட்பமும் கொண்டுவந்த இடங்களில் வீடு நின்றது, குடும்பம் அதில் தங்கியது. இலங்கையும் குஜராத்தும் நேபாளமும் அதைக் காட்டுகின்றன. வெளியாள் முடிவெடுத்து, ஒப்பந்ததாரர் கட்டி, குடும்பம் சாவியை மட்டும் வாங்கிய இடங்களில் பணம் கரைந்தது. ஒரு வாரம் வந்துபோவதை மனித உறவுக்கான பயணம் என்று சொன்னால் அது நேர்மை. வீட்டுப் பற்றாக்குறையைத் தீர்க்கும் வழி என்று சொல்வது சரியாகாது.

குருபரப்பள்ளி வட்டாரத்துக்கு இந்தத் தீர்ப்பிலிருந்து ஒரு வேலைத்திட்டம் கிடைக்கிறது. 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், வரம்புக்கு மேல் லாபம் ஈட்டும் கம்பெனிகள் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. அந்த நிதியில் ஒரு பகுதியைப் பேஸ்மட்டத் தவணை வரும்வரை குடும்பங்களுக்கு வட்டியில்லாக் கைமாற்றாகக் கொடுக்கலாம். கூரை போட்ட வீடுகளுக்குத் தண்ணீர் லாரி அனுப்பலாம். நாட்டு நலப்பணித் திட்ட மாணவர் ஒருவர் இரண்டு ஆண்டுகளில் 240 மணிநேரமும், ஏழு நாள் சிறப்பு முகாமும் தொண்டு செய்ய வேண்டும். அந்த முகாமை இங்குள்ள கல்லூரிகள் திட்ட வீடுகளின் கூரை நாள்களோடு பொருத்திக்கொள்ளலாம். பாலிடெக்னிக் சிவில் மாணவர்கள் ஊருக்கு ஒரு குழுவாக வீடுகளை அளந்து, கம்பி கட்டுவதைச் சரிபார்க்கலாம்.

ஓசூரில் வேலை பார்க்கும் வெளிநாட்டுப் பொறியாளர்களும் இதில் சேரலாம். அவர்கள் விமானம் ஏற வேண்டியதில்லை, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நெடுஞ்சாலையைத் தாண்டி ஊருக்குள் வந்தால் போதும். லைன் வீட்டில் தங்கியிருக்கும் பீகார் கொத்தனார்களிடம் கேட்டால், நியாயமான கூலியோடு இந்த வேலைக்கு நல்ல கைகள் கிடைக்கும். இவற்றை ஒருங்கிணைக்க ஒருவர் வேண்டும். ஊராட்சியும் மகளிர் குழுக் கூட்டமைப்பும் சேர்ந்து அந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்ள வேண்டும். கம்பெனிகள் அவர்களைத் தேடிப் போக வேண்டும். அடுத்த பயனாளிகள் பட்டியல் கிராம சபையில் படிக்கப்படும்போதே இந்த வேலையைத் தொடங்கிவிடலாம்.